கர்த்தர் என் மேய்ப்பர்: வேதபாட வகுப்பில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

எங்கள் சபையில் வெள்ளிக்கிழமை சாயங்கால வேதபாட வகுப்பைச் சில வருடங்களாக நடத்தி வருகிறேன். எந்தப் பகுதியை எடுத்தாலும் பேச்சு எப்படியோ ஆட்டிலும் மேய்ப்பனிலும் வந்து நிற்கும், முக்கியமாக 'கர்த்தர் என் மேய்ப்பர்' என்று தொடங்கும் 23ஆம் சங்கீதத்தில். கேள்விகளும் ஏறக்குறைய அவையேதான். ஒரு நோட்டில் குறித்து வைத்திருந்தவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை விட்டிருக்கிறேன். வசனங்கள் நம் வீடுகளில் புழங்கும் பழைய மொழிபெயர்ப்பிலிருந்து. கத்தோலிக்கர் வாசிக்கும் திருவிவிலியத்தில் சொல் மாறும் இடங்களை அங்கங்கே சொல்கிறேன்.

1. மேய்ப்பர், ஆயர், போதகர், பாஸ்டர்... இதெல்லாம் ஒரே ஆள்தானா?

பெரும்பாலும் ஒரே ஆள்தான். 'பாஸ்டர்' என்பது லத்தீனில் ஆடு மேய்ப்பவனுக்கு உள்ள சாதாரணச் சொல். எபேசியர் 4:11இல் 'மேய்ப்பராகவும் போதகராகவும்' என்று இரண்டு பெயர்கள் அடுத்தடுத்து வருகின்றன. தமிழ்ச் சபைகள் பலவற்றில் இரண்டாவது நிலைத்துவிட்டது. போதகர் என்றதும் நமக்கு மைக்தான் ஞாபகம் வருகிறது, ஆடு வருவதில்லை. எனக்கு இது ஒரு நஷ்டமாகவே படுகிறது.

'ஆயர்' இன்னும் சுவாரஸ்யமானது. கத்தோலிக்கரிடம் ஆயர் என்றால் மறைமாவட்டத் தலைவர், பேராயர் அவருக்கும் ஒரு படி மேலே. தென்னிந்தியத் திருச்சபையான சி.எஸ்.ஐ.யில் மறைமாவட்டத் தலைவரே பேராயர். உள்ளூர் குருவானவரை ஆயர் என்று சொல்வதுண்டு. இரண்டு பக்கமும் சம்பந்தம் வைத்திருக்கும் குடும்பங்களில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும்போது இதனால் ஒரு குழப்பம் நிச்சயம். சொல் என்னவோ முல்லை நிலத்திலிருந்து வந்தது. 'ஆ' என்றால் பசு. கலித்தொகையில் மாடு மேய்ப்பவர் கோவினத்தாயர், ஆடு மேய்ப்பவர் புல்லினத்தாயர்.

2. பாட்டியின் பழைய ஜெபப் புத்தகத்தில் நம் 23ஆம் சங்கீதம் 22ஆம் சங்கீதம் என்று இருக்கிறது. அச்சுப் பிழையா?

இல்லை. எபிரெய எண்ணிக்கையில் 9, 10 என்று தனித்தனியாக இருக்கும் சங்கீதங்களைப் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு ஒன்றாகச் சேர்த்துவிட்டது. அதனால் அதற்குப் பிறகு பெரும்பாலும் ஒரு எண் குறையும். லத்தீன் வேதாகமமும் அதையே பின்பற்றியது. பாட்டி கத்தோலிக்கராக இருந்திருப்பார்.

3. கடவுளை ராஜா என்றால் கம்பீரமாக இருக்கும். ஆடு மேய்க்கிறவர் என்று ஏன் சொல்ல வேண்டும்?

அந்தக் காலத்தில் இரண்டும் ஒன்றுதான். பாபிலோனை ஆண்ட அம்முராபி, கி.மு. 18ஆம் நூற்றாண்டில் தன் சட்டத் தொகுப்பின் முன்னுரையிலேயே தன்னை மேய்ப்பன் என்று அறிமுகப்படுத்திக்கொள்கிறான். எகிப்தின் பார்வோன்கள் சிலைகளில் மார்போடு சேர்த்துப் பிடித்திருக்கும் இரண்டு பொருள்களில் ஒன்று வளைந்த மேய்ப்பன் கோல். வேதாகமத்திலும் தாவீதிடம் 'நீ என் ஜனத்தை மேய்ப்பாய்' என்று சொல்லித்தான் ஆட்சியைக் கொடுக்கிறார்கள். பாரசீக ராஜா கோரேசைக்கூட 'என் மேய்ப்பன்' என்று கர்த்தர் சொல்வதாக ஏசாயா 44:28 இருக்கிறது. அவன் இஸ்ரவேலனே இல்லை. நமக்கும் இது அந்நியமில்லை. கோன் என்றால் அரசன், கோன் என்றால் இடையன்.

ஆகவே 'கர்த்தர் என் மேய்ப்பர்' என்பது குழந்தைகள் அறையில் மாட்டும் மென்மையான வரி மட்டுமல்ல, ஓர் அரசியல் வரியும்கூட. என் ராஜா யார் என்பதற்கான பதில் அதில் இருக்கிறது.

4. நம்ம ஊர் கீதாரி மாதிரித்தான் அந்த ஊர் மேய்ப்பனும் இருந்திருப்பானா?

நிறைய ஒற்றுமை உண்டு. நான் சின்ன வயதில் பார்த்தது தாத்தாவின் வயலில் போட்ட கிடை. அறுப்பு முடிந்ததும் கீதாரிகள் செம்மறிகளை ஓட்டி வந்து ராத்திரி வயலில் மடக்குவார்கள். நிலத்துக்குப் புழுக்கையும் மூத்திரமும் உரம், அவர்களுக்கு நெல்லோ காசோ கூலி. சொந்த ஆடும் இருக்கும், அடுத்தவர் ஆடும் இருக்கும். வீட்டை விட்டு மாதக்கணக்கில் வெளியே. கனானிலும் மழையைப் பார்த்து, புல்லைப் பார்த்து நகர்கிற வாழ்க்கைதான். யோசேப்பின் அண்ணன்மார் எப்ரோனிலிருந்து சீகேமுக்கும் அங்கிருந்து தோத்தானுக்கும் மந்தையோடு போனது இப்படித்தான்.

வேலையின் கஷ்டத்தை யாக்கோபு தன் மாமனார் லாபானிடம் கொட்டித் தீர்க்கிற இடம் ஆதியாகமம் 31:38 முதல். பகலில் வெயிலும் ராத்திரியில் குளிரும் தன்னைத் தின்றது, கண்ணில் தூக்கமே இல்லை என்கிறான். அதைவிட முக்கியம், மிருகம் கிழித்துப்போட்ட ஆட்டுக்கும் நானே ஈடு கட்டினேன் என்கிறான். யாத்திராகமம் 22ஆம் அதிகாரச் சட்டப்படி அவன் கட்டியிருக்கவே வேண்டாம். ஒப்படைக்கப்பட்ட ஆடு திருட்டுப் போனால் ஈடு கட்ட வேண்டும், காட்டு மிருகம் பீறிப்போட்டால் மிச்சத்தைக் கொண்டுவந்து சாட்சியாகக் காட்டினால் போதும். இப்போது ஆமோஸ் 3:12ஐப் படித்துப் பாருங்கள். சிங்கத்தின் வாயிலிருந்து மேய்ப்பன் இரண்டு காலையோ ஒரு காதுத் துண்டையோ பிடுங்குகிறான். செத்த ஆட்டின் காது எதற்கு? உடையவனிடம் காட்டுவதற்குத்தான்.

இந்த வேலையின் மையம் பாசம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். எனக்கு அது கணக்காகத்தான் தெரிகிறது. ஒவ்வொரு தலைக்கும் மேய்ப்பன் பதில் சொல்ல வேண்டும். கீழே பல பதில்களில் இந்த இடத்துக்குத் திரும்பி வருவேன்.

ஒரு வித்தியாசத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் பார்த்த கீதாரிகள் பெரும்பாலும் மந்தைக்குப் பின்னால் வந்தார்கள். யோவான் 10:4இல் மேய்ப்பன் முன்னால் நடக்கிறான், ஆடுகள் சத்தத்தை அறிந்து பின்னால் வருகின்றன.

5. 'உமது கோலும் உமது தடியும்' என்று வருகிறதே. ரெண்டும் ஒன்றுதானே? அடிக்கிற கம்பு எப்படி ஆறுதல் தரும்?

எபிரெயத்தில் இரண்டும் வேறு வேறு சொற்கள். முதலாவது குட்டையான, கனத்த கழி. ஓநாய்க்கும் திருடனுக்கும் எதிரான ஆயுதம். இரண்டாவது சாய்ந்துகொள்ள, ஊன்றி நடக்க உதவும் நீண்ட கம்பு. திருவிவிலியம் 'கோலும் நெடுங்கழியும்' என்று பிரித்துக் காட்டுவது இங்கே உதவுகிறது. நம் ஊர் துரட்டியை நினைத்துக்கொள்ளாதீர்கள், அது கொப்பு வளைத்துத் தழை பறிப்பதற்கு.

அந்தக் குட்டைக் கோலுக்கு இன்னொரு வேலையும் உண்டு. லேவியராகமம் 27:32இல் ஆடுமாடுகள் 'கோலின்கீழ்' கடந்து போகின்றன, தசமபாகத்துக்காக எண்ணுகிறார்கள். எசேக்கியேல் 20:37லும் அதே கோல். அதனால் கோல் என்னைத் தேற்றும் என்பதை நான் இரண்டு விதமாகவும் வாசிக்கிறேன். அடி ஓநாய்க்கு விழும். அப்புறம், எண்ணிக்கையில் நானும் இருக்கிறேன்.

6. ஓடிப்போகிற குட்டியின் காலை மேய்ப்பன் உடைத்து, ஆறும் வரை தோளில் சுமப்பான் என்று பிரசங்கத்தில் கேட்டேன். உண்மையா?

இந்தக் கதையை நானும் மூன்று நான்கு மேடைகளில் கேட்டிருக்கிறேன். வேதாகமத்தில் எங்கேயும் இல்லை. லூக்கா 15இல் ஆடு கிடைத்ததும் மேய்ப்பன் அதைத் தோளில் போட்டுக்கொள்கிறான், சந்தோஷமாக. காலைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

நடைமுறையிலும் யோசியுங்கள். தினமும் நடந்து மேய்கிற மந்தையில் கால் உடைந்த ஆடு எத்தனை வாரச் சுமை! அதோடு, எசேக்கியேல் 34:16இல் கர்த்தர் 'எலும்பு முறிந்ததைக் காயங்கட்டி' என்கிறார். முறிப்பதாக இல்லை. தன் வாழ்க்கையில் வந்த விபத்தைக் கடவுள் உடைத்த காலாக ஒருவர் தானாக நினைத்துக்கொள்வது வேறு. படுக்கையில் இருப்பவரிடம் போய் நாம் அதைச் சொல்வது வேறு. இந்தக் கதையை விட்டுவிடலாம்.

7. இஸ்ரேல் அந்தப் பக்கம் வறண்ட மலைதானே? புல்லுள்ள இடம் எங்கிருந்து வந்தது?

தாவீது ஆடு மேய்த்த பெத்லகேமிலிருந்து கிழக்கே போகப் போக மழை குறைந்து யூதேயா வனாந்தரம் ஆரம்பித்துவிடும். மழைக்காலத்துக்குப் பிறகு கொஞ்ச நாளைக்கு அந்தச் சரிவுகளில் மெல்லிய பச்சை தெரியும், வெயில் ஏறினால் காய்ந்துவிடும். காலண்டர் படத்தில் வருகிற முழங்கால் உயரப் புல்வெளியை மனதிலிருந்து எடுத்துவிட்டுச் சங்கீதத்தை வாசித்தால் அது வேறு மாதிரி கேட்கும். புல் எங்கே, எப்போது முளைத்திருக்கும் என்பது ஆட்டுக்குத் தெரியாது, மேய்ப்பனுக்குத் தெரிந்தாக வேண்டும்.

பள்ளத்தாக்கும் அப்படித்தான். எருசலேமிலிருந்து எரிகோவுக்கு இறங்குகிற வழியில் உள்ள வாதி கெல்ட்டைக் காட்டி, இதுதான் மரண இருளின் பள்ளத்தாக்கு என்று யாத்திரிகர்களிடம் சொல்வதுண்டு. சங்கீதம் இடப்பெயர் எதையும் சொல்லவில்லை. ஆனால் செங்குத்தான பாறைகளுக்கு நடுவே வெளிச்சம் சீக்கிரம் போய்விடும் அப்படிப்பட்ட வழிகளை எழுதியவர் அறிந்திருப்பார்.

8. 'நான் தாழ்ச்சியடையேன்' என்று தினமும் சொல்கிறேன். கடன் அப்படியே இருக்கிறதே?

இதை வகுப்பில் கேட்க ஒரு தைரியம் வேண்டும். அதே எபிரெய வினைச்சொல் உபாகமம் 2:7இல் வருகிறது. நாற்பது வருஷம் வனாந்தரத்தில் நடந்தாய், உனக்கு ஒன்றும் குறைவுபடவில்லை என்கிறார் மோசே. அந்த நாற்பது வருஷம் அவர்கள் சாப்பிட்டது மன்னா, அதுவும் அன்றன்றைக்கு. சேமித்தால் புழு வைத்தது. குறைவில்லை என்பதற்கு வேதாகமம் தரும் உதாரணம் அதுதான், வங்கிக் கணக்கு இல்லை.

கடன் தீரும் என்று இந்த வசனம் உத்தரவாதம் தரவில்லை. அப்படிச் சொல்லி யாராவது காணிக்கை கேட்டால் பதினெட்டாம் கேள்விக்குப் போங்கள்.

9. 23ஆம் சங்கீதம் அஞ்சாவது வசனத்தில் திடீரென்று பந்தி, எண்ணெய், பாத்திரம் எல்லாம் வருகிறது. ஆடு எப்போது பந்தியில் உட்கார்ந்தது?

நல்ல கவனிப்பு. உவமை அங்கே மாறிவிடுகிறது. மேய்ப்பர் இப்போது விருந்து கொடுக்கும் வீட்டுக்காரர். எண்ணெய் ஆட்டின் தலைக்காயத்துக்கு என்றெல்லாம் இழுத்துப் பிடித்து விளக்குகிறவர்கள் உண்டு. எனக்கு அது தேவையாகப் படவில்லை. சத்துருக்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒருவரைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சோறு போடுவது, அந்த நாட்டு உபசரிப்பில், இவர் என் பொறுப்பு என்று ஊரறியச் சொல்வது மாதிரி.

அதற்கு முன்னாலேயே இன்னொரு மாற்றம் நடந்துவிட்டது. முதல் மூன்று வசனமும் 'அவர்': அவர் மேய்க்கிறார், அவர் தேற்றுகிறார். பள்ளத்தாக்கு வந்ததும் 'தேவரீர் என்னோடேகூட இருக்கிறீர்'. புல்வெளியில் கடவுளைப் பற்றிப் பேசியவர் இருட்டில் கடவுளிடம் பேசுகிறார். தமிழில் 'தேவரீர்' என்ற மரியாதைச் சொல் வந்து உட்கார்ந்திருப்பதால் இந்த நெருக்கம் நமக்குச் சட்டென்று உறைப்பதில்லை. கடைசி வசனத்தில் நன்மையும் கிருபையும் 'தொடரும்' என்பதும் சாதுவான சொல் அல்ல. எபிரெயத்தில் எதிரியைத் துரத்திக்கொண்டு ஓடுவதற்கு வருகிற வினை அது.

10. 'நல்ல மேய்ப்பன்' என்றால் கெட்ட மேய்ப்பன் யார்?

எசேக்கியேல் 34ஐ வாசியுங்கள், ஒரே மூச்சில். 'தங்களையே மேய்க்கிற இஸ்ரவேலின் மேய்ப்பருக்கு ஐயோ!' என்று ஆரம்பிக்கிறது. கொழுப்பைத் தின்றீர்கள், ரோமத்தை உடுத்தினீர்கள், கொழுத்ததை அடித்தீர்கள், மந்தையை மேய்க்கவில்லை. எருசலேம் விழுந்து, ஜனங்கள் பாபிலோனுக்குப் பிடித்துக்கொண்டு போகப்பட்ட காலத்தின் குரல் அது. குற்றவாளிகள் ஆளுகிறவர்கள். 'நானே என் ஆடுகளைத் தேடுவேன்' என்று கர்த்தர் சொல்வதும் அங்கேதான். வேலைக்கு வைத்த ஆட்கள் ஏமாற்றியதால் முதலாளியே களத்தில் இறங்குகிறார்.

யோவான் 10இல் இயேசு 'நானே நல்ல மேய்ப்பன்' என்றபோது கேட்டவர்களுக்கு இதெல்லாம் ஞாபகம் வந்திருக்கும். அதற்கு முந்தின அதிகாரத்தைப் பாருங்கள். பிறவிக் குருடனாயிருந்து பார்வை பெற்றவனை மதத் தலைவர்கள் வெளியே தள்ளுகிறார்கள், இயேசு போய் அவனைக் கண்டுபிடிக்கிறார். அடுத்த பேச்சே தொழுவம், திருடன், மேய்ப்பன். கூலியாளோ ஓநாய் வந்ததும் ஓடுகிறான். நாலாவது பதிலில் சொன்ன கணக்கு அவன் தலையில் இல்லை. 'நல்ல' என்பதற்கு அங்கே உள்ள கிரேக்கச் சொல்லுக்கு அழகான, சிறந்த என்றும் பொருள் உண்டு.

11. ஒரு ஆட்டுக்காக 99 ஆட்டை விட்டுப் போவது புத்திசாலித்தனமா?

கணக்குப் பார்த்தால் இல்லை. லூக்கா 15:4இல் 99ஐயும் 'வனாந்தரத்திலே' விடுகிறான். மத்தேயு 18:12இல் மலைகளில். வேறு மேய்ப்பர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று நாம் சேர்த்துக்கொள்கிறோம், உவமை அப்படிச் சொல்லவில்லை. 'உங்களில் ஒருவன்' என்று இயேசு ஆரம்பிக்கும்போது கேட்டவர்கள் சிலர் சிரித்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றும். ஆனால் அடுத்தவர் ஆட்டுக்கும் பதில் சொல்ல வேண்டிய மேய்ப்பன் ஒன்று குறைகிறதென்று தெரிந்த பிறகு படுத்துத் தூங்குவானா?

இரண்டு நற்செய்திகளும் ஒரே கதையை இரண்டு கூட்டத்தாருக்குச் சொல்கின்றன. லூக்காவில், பாவிகளோடு சாப்பிடுகிறார் என்று முறுமுறுத்தவர்களுக்கு. அங்கே தேடுதல் 'கண்டுபிடிக்குமளவும்'. மத்தேயுவில் சீஷர்களுக்கு, சிறியவர்களை அற்பமாக நினைக்காதபடி. அங்கே 'கண்டுபிடித்தால்' என்று ஒரு நிச்சயமின்மை. சபையை விட்டு ஒருவர் நின்றுபோனால் எத்தனை நாளில் நாம் கவனிக்கிறோம் என்று கேட்பதற்கு மத்தேயுவே பொருத்தம்.

1945இல் எகிப்தின் நாக் ஹம்மாடி பக்கம் கிடைத்த, வேதாகமத்தில் சேராத தோமா நற்செய்தியிலும் இந்த உவமை இருக்கிறது. அதில் காணாமல் போனதுதான் மந்தையிலேயே பெரிய ஆடு, அதனால் அதன்மேல் அதிக அன்பு. நியாயமான காரணம்! மத்தேயுவும் லூக்காவும் அப்படி ஒரு காரணமே தருவதில்லை. அது நூறில் ஒன்று, அவ்வளவுதான்.

12. ஆடு முட்டாள் என்பதால்தான் நம்மை ஆடு என்கிறதாமே?

ஆடு வழிதப்பும் என்று ஏசாயா 53:6 சொல்கிறது. முட்டாள் என்று சொல்லவில்லை. 2001இல் 'நேச்சர்' இதழில் வந்த ஓர் ஆய்வு ஞாபகம் வருகிறது. இங்கிலாந்தின் பாப்ரகாம் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்தவர்கள், செம்மறிகள் மற்ற ஆடுகளின் 50 முகங்களை இரண்டு வருடத்துக்கு மேலும் நினைவில் வைத்திருப்பதைக் காட்டினார்கள். எனக்கு ஞாயிற்றுக்கிழமை கைகுலுக்குகிறவர்களின் பெயரே புதன்கிழமை மறந்துவிடும்.

ஆட்டுக்கு நகமில்லை, கோரைப்பல் இல்லை, துணையில்லாமல் தனியே பிழைப்பது கஷ்டம். உவமை தொடுவது அதைத்தான். யோவான் 10இல் ஆட்டுக்குச் சொல்லியிருக்கும் திறமை குரலை அடையாளம் காண்பது. அந்நியன் கூப்பிட்டால் அது போகாது.

13. வெள்ளாடு என்ன பாவம் செய்தது? நாங்கள் வெள்ளாடுதான் வளர்க்கிறோம்!

ஒரு பாவமும் செய்யவில்லை. மத்தேயு 25இல் மேய்ப்பன் செம்மறியை வலதுபக்கமும் வெள்ளாட்டை இடதுபக்கமும் பிரிக்கிறான். இரண்டையும் கலந்து மேய்ப்பது அந்த நாட்டு வழக்கம். பிரிப்பது மட்டும்தான் உவமை. அடுத்த வசனங்களில் ஆடே காணோம். பசித்தவனுக்குச் சாப்பாடு கொடுத்தாயா, சிறையில் இருந்தவனைப் போய்ப் பார்த்தாயா என்பதுதான் கேள்வி. பஸ்கா பண்டிகைப் பலிக்குச் செம்மறியும் ஆகும், வெள்ளாடும் ஆகும் என்று யாத்திராகமம் 12:5 சொல்கிறது. உங்கள் ஆடுகளிடம் சொல்லுங்கள்.

14. இயேசு ஆட்டுக்குட்டியா, மேய்ப்பரா? இரண்டும் எப்படி?

உவமைகள் ஒன்றை ஒன்று இடிக்கும்போது திருத்தப் பார்க்காதீர்கள். யோவான் நற்செய்தியிலேயே முதல் அதிகாரத்தில் அவர் ஆட்டுக்குட்டி, பத்தாவதில் மேய்ப்பர், அதே பத்தாவதில் 'நானே வாசல்' வேறு. வெளிப்படுத்தல் 7:17 வேண்டுமென்றே இரண்டையும் முடிச்சுப் போடுகிறது: சிங்காசனத்தின் நடுவில் இருக்கிற ஆட்டுக்குட்டியானவரே அவர்களை மேய்ப்பார். மந்தையில் ஒருவராக அறுக்கப்பட்டவருக்கு மந்தையின் பயம் தெரியும்.

15. தோளில் ஆட்டோடு இயேசு நிற்கிற படம் யார் முதலில் வரைந்தது?

யார் என்று பெயர் கிடையாது. ரோமின் நிலத்தடிக் கல்லறைகளில், பிரிசில்லா, கலிஸ்து போன்ற இடங்களில், மூன்றாம் நூற்றாண்டிலிருந்து இந்த உருவம் திரும்பத் திரும்ப வருகிறது. சிரியாவில் யூப்ரடீஸ் கரையிலிருந்த தூரா யூரோப்போஸ் என்ற ஊரில், ஒரு வீட்டையே சபையாக மாற்றியிருந்தார்கள். அதன் ஞானஸ்நானத் தொட்டிக்கு மேலே மேய்ப்பன் படம். கி.பி. 256 வாக்கில் ஊர் அழிந்து மண்ணுக்குள் போனதால் படம் பிழைத்தது. இப்போது அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகக் கலைக்கூடத்தில் இருக்கிறது.

இந்தப் படங்களில் இயேசுவுக்குத் தாடி இருக்காது. குட்டை அங்கி போட்ட வாலிபன். ஏனென்றால் தோளில் ஆடு சுமக்கும் உருவம் கிரேக்கக் கலையில் பல நூற்றாண்டுகளாக இருந்த ஒன்று; ஹெர்மஸ் தெய்வத்தை அப்படி வடித்தார்கள். கிறிஸ்தவர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். இத்தாலியின் ரவென்னாவில், ரோமப் பேரரசி கல்லா பிளாசிடியாவின் பெயரால் வழங்கும் ஐந்தாம் நூற்றாண்டுக் கட்டடத்தில் அதே மேய்ப்பன் பொன்னாடை உடுத்து, கையில் சிலுவையோடு ராஜா மாதிரி உட்கார்ந்திருக்கிறார். அதற்குள் ரோமப் பேரரசே கிறிஸ்தவமாகிவிட்டிருந்தது. சிலுவையில் தொங்கும் இயேசுவின் உருவம் பரவலானது இதற்கெல்லாம் பிறகுதான். கல்லறைச் சுவரில் முதலில் வேண்டியிருந்தது தூக்கிக்கொண்டு போகிற ஒருவர்.

16. பெத்லகேம் மேய்ப்பர்கள் ஊரே ஒதுக்கி வைத்தவர்கள் என்கிறார்களே?

கிறிஸ்மஸ் பிரசங்கங்களில் தவறாமல் வரும். மேய்ப்பரைச் சாட்சியாக நம்பக் கூடாது என்பது போன்ற பேச்சுகள் யூத ரபிகளின் நூல்களில் உண்டு. ஆனால் அவை தொகுக்கப்பட்டது பின்னாளில். லூக்காவில் அப்படி ஒரு சாடை இல்லை. அவர்கள் சொன்னதைக் கேட்டு எல்லாரும் ஆச்சரியப்பட்டார்கள் என்றுதான் இருக்கிறது. ஏழைகள், ராத்திரி வேலை பார்த்தவர்கள். அது போதும்.

17. எப்போதும் 'அவன்'தானா? பெண்கள் ஆடு மேய்க்கவில்லையா?

ராகேல் மேய்த்தாள், ஆதியாகமம் 29:9. மோசேயின் மனைவி சிப்போராளும் அவளுடைய சகோதரிகளும் மந்தைக்குத் தண்ணீர் மொண்டு ஊற்றியபோது, ஆண் மேய்ப்பர்கள் வந்து அவர்களைத் துரத்தினார்கள். லூக்கா 15இல் ஆட்டைத் தேடும் ஆணுக்கு அடுத்தபடியாக, காசைத் தேடி வீடு பெருக்கும் பெண் வருகிறாள். இரண்டுமே கடவுளுக்கு உவமை. முதலாவதற்கு ஆயிரம் படம் இருக்கிறது, இரண்டாவதை எத்தனை கோவிலில் பார்த்திருக்கிறீர்கள்? ஏசாயா 40:11இல் குட்டிகளை மடியில் சுமந்து, கறவலாடுகளை மெதுவாய் நடத்துகிறவரின் கை எனக்கு எப்போதும் என் அம்மாவின் கையாகவே தெரியும்.

18. எங்க பாஸ்டர் 'நான் மேய்ப்பன், நீங்க ஆடு, கேள்வி கேட்கக் கூடாது' என்கிறார். சரியா?

சரியில்லை. யோவான் 21இல் இயேசு தம் சீஷன் பேதுருவிடம் ஆடுகளை மேய்க்கும்படி மூன்று முறை சொன்னபோதும் ஆடுகள் 'என்' ஆடுகள்தான்; 'உன் ஆடுகள்' என்று ஒரு முறைகூட இல்லை. அந்தப் பேதுருவின் பெயரில் உள்ள முதல் நிருபம், மந்தையை இறுமாப்பாய் ஆளாதீர்கள், அவலட்சணமான ஆதாயத்துக்காக மேய்க்காதீர்கள் என்கிறது. கூடவே 'பிரதான மேய்ப்பர்' வருவார் என்று ஞாபகப்படுத்துகிறது. கணக்கு ஒப்புவிக்க வேண்டியவர் கேள்விக்கு அப்பாற்பட்டவர் எப்படி ஆவார்? பத்தாவது பதிலில் சொன்ன எசேக்கியேலில், 'என் ஆடுகளை அவர்கள் கையிலே கேட்பேன்' என்பதுதான் அந்த மேய்ப்பர்களுக்குத் தீர்ப்பு.

போப் பிரான்சிஸ் பதவிக்கு வந்த சில நாளில், 2013 மார்ச் 28 அன்று, குருக்களிடம் ஆட்டு வாசனை வீசும் மேய்ப்பர்களாக இருங்கள் என்றார். மேடை, மாலை, தனி நாற்காலி இவற்றின் வாசனை வேறு. அதே சமயம் எசேக்கியேல் 34:21ஐயும் சொல்லிவிட வேண்டும். கொழுத்த ஆடுகள் இளைத்தவற்றை விலாவாலும் முன்னந்தொடையாலும் தள்ளி முட்டுகின்றன. சபைக் கமிட்டித் தேர்தல் முடிந்த வாரம் இதை வாசித்தேன். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

19. எப்படிச் சுற்றினாலும் கடைசியில் மேய்ப்பன் ஆட்டை வெட்டத்தானே வளர்க்கிறான்?

கல்லூரி மாணவர் ஒருவர் கேட்டது, அன்றைக்கு வகுப்பு அதோடு நின்றது. அந்த நாட்டில் செம்மறியை வளர்த்தது முக்கியமாக ரோமத்துக்கும் பாலுக்கும். கறி விருந்துக்கும் பண்டிகைக்கும்தான். ஆனாலும் வெட்டினார்கள், மறுக்க முடியாது. 'அடிக்கப்படும் ஆடுகளைப்போல எண்ணப்படுகிறோம்' என்று 44ஆம் சங்கீதம் கடவுளிடமே புகார் செய்கிறது.

யோவான் 10 அந்த இடத்தில்தான் உவமையைத் தலைகீழாக்குகிறது. ஆடு மேய்ப்பனுக்காகச் சாவது உலக வழக்கம். இங்கே மேய்ப்பன் ஆட்டுக்காகச் சாகிறான். அதற்கும் அந்த மாணவர் மறுகேள்வி வைத்திருந்தார்.

20. செத்துப்போன மேய்ப்பனால் ஆட்டுக்கு என்ன லாபம்? ஓநாய்க்கு இன்னும் வசதிதானே?

சரியான கேள்வி. வெறும் உவமையாக நின்றால் பதில் இல்லை. இயேசுவே கைதாகும் ராத்திரியில் சகரியாவின் வார்த்தையைச் சொல்கிறார்: மேய்ப்பனை வெட்டுவேன், ஆடுகள் சிதறடிக்கப்படும். அப்படியே சிதறினார்கள். ஆனால் மாற்கு 14:28இல் அடுத்த வரி, 'நான் உயிர்த்தெழுந்தபின்பு, உங்களுக்கு முன்னே கலிலேயாவுக்குப் போவேன்.' முன்னே போவது யார் வேலை என்று நாலாவது பதிலில் பார்த்தோம். உயிர்த்தெழுதலை நம்பாதவருக்கு இந்த உவமை பாதியில்தான் நிற்கும். அதை மூடி மறைக்க வேண்டியதில்லை.

21. மேய்ப்பர் இருந்தும் என் மகன் ஏன் போனான்?

இதை வகுப்பில் கேட்கவில்லை. எல்லாரும் போன பிறகு ஒருவர் வாசலில் நின்று கேட்டார். என்னிடம் காரணம் இல்லை, அவரிடம் அப்படியே சொன்னேன். 23ஆம் சங்கீதம் பள்ளத்தாக்கே வராது என்று சொல்லவில்லை, யோவான் 10 ஓநாய் வராது என்று சொல்லவில்லை. 44ஆம் சங்கீதத்தை இரண்டு பேரும் சேர்ந்து வாசித்தோம், 'ஆண்டவரே, விழித்துக்கொள்ளும், ஏன் நித்திரைபண்ணுகிறீர்?' என்ற வரி வரைக்கும். அதைச் சத்தமாகச் சொல்ல அனுமதி உண்டு என்று தெரிந்ததே அவருக்கு அன்றைக்குப் பெரிதாக இருந்தது. 23ஐ அவர் மறுபடி வாசிக்க ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. நானும் அவசரப்படுத்தவில்லை.

22. அபார்ட்மெண்டில் வளர்கிற பிள்ளைகளுக்கு இதை எப்படிச் சொல்லிக் கொடுப்பது?

பஞ்சு ஒட்டிய அட்டை ஆட்டை விட்டுவிட்டு நிஜ ஆட்டைக் காட்டுங்கள். போன தை மாதம் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளை ஊருக்கு வெளியே கிடை போட்டிருந்த வயலுக்குக் கூட்டிப்போனேன். எத்தனை ஆடு என்று எண்ணச் சொன்னேன். எட்டுப் பிள்ளைகள், எட்டு எண்ணிக்கை. கிடைக்காரர் சிரித்தார். பாதிப் பேர் மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவர் தன் சட்டையை முகர்ந்து பார்த்துவிட்டு, என்ன நாத்தம், எனக்கு ஒண்ணும் தெரியலையே என்றார்.